சிவப்புக்கு விலைபோன ஆப்பிள்

1920களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு மரக்கிளை 6,000 டாலருக்கு விலைபோனது. தோட்டத்துக்கோ மரத்துக்கோ அல்ல, ஒரே ஒரு கிளைக்குக் கொடுத்த தொகை அது. அந்தக் கிளையில் காய்த்த ஆப்பிள்கள், அதே மரத்தின் மற்றக் கிளைகளில் இருந்தவற்றுக்குச் சில வாரங்கள் முன்பே சிவந்தன. சிவப்பும் திட்டுத்திட்டாக இல்லாமல் பழம் முழுக்கப் பரவியது. வாங்கியவர்கள் ஸ்டார்க் பிரதர்ஸ் என்ற பழைய நாற்றுப் பண்ணைக்காரர்கள். அந்தக் கிளையிலிருந்து பெருக்கிய ரகத்துக்கு ‘ஸ்டார்க்கிங்’ என்று பெயர் வைத்தார்கள். இமாச்சலப் பிரதேசத்தில் அதற்குப் பெயர் ‘ராயல் டெலிஷஸ்’. தோட்டக்காரர்கள் வாயில் வெறும் ‘ராயல்’. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ‘சிம்லா ஆப்பிள் சார், புது வரத்து’ என்று நம் ஊர்ப் பழக்கடையில் எடுத்துக் கொடுக்கிறார்களே, அதில் பெரும்பங்கு இந்த ராயலும் அதன் பங்காளிகளும்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மூலம் ரெட் டெலிஷஸ் என்ற ரகம். உலகத்தில் மிக அதிகமாகப் பயிரிடப்பட்ட ஆப்பிள்களில் ஒன்று. மிக அதிகமாகத் திட்டு வாங்கியதும் அதுவே.

அதன் தாய்மரம் யாரும் நட்டு வளர்த்ததல்ல. ஐயோவா மாநிலத்தில் பெரு என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்ற விவசாயி இருந்தார், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1870களில் அவர் தோட்டத்தில், மரவரிசைக்கு வெளியே, ஒரு ஆப்பிள் செடி தானாக முளைத்தது. வரிசை கெடுகிறதே என்று வெட்டிப் போட்டார். மறுபடி துளிர்த்தது, மறுபடி வெட்டினார். மூன்றாவது முறையும் அது தலைதூக்கியபோது, பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். சுமார் பத்தாண்டு கழித்து அது காய்த்தது. மஞ்சள் தோலில் சிவப்புக் கோடுகள், அடிப்பக்கத்தில் ஐந்து சிறு மேடுகள், கடித்தால் நல்ல இனிப்பு, நல்ல மணம். ‘ஹாக்ஐ’ என்று பெயர் வைத்தார் ஹையட்.

1893இல் ஸ்டார்க் பண்ணை, மிசௌரி மாநிலத்தின் லூசியானா என்ற ஊரில் ஒரு பழப் போட்டி நடத்தியது. ஹையட் தன் பழத்தை அனுப்பினார். பழம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அனுப்பியவர் விவரம் எழுதிய சீட்டு மட்டும் தொலைந்துபோனது. அடுத்த ஆண்டு ஹையட் மறுபடியும் அனுப்பிவைக்க, ஆளைக் கண்டுபிடித்து உரிமையை வாங்கி, ‘டெலிஷஸ்’ என்று சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 1914இல் அதே பண்ணை, மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மஞ்சள் ஆப்பிள் மரத்தை 5,000 டாலருக்கு வாங்கியது. யாரும் வந்து குச்சி ஒடித்துப் போய்விடக் கூடாதென்று மரத்தைச் சுற்றிக் கூண்டு கட்டி அபாயமணியும் வைத்தார்கள். அது ‘கோல்டன் டெலிஷஸ்’. அதன் வரவுக்குப் பிறகு மூத்தது ‘ரெட் டெலிஷஸ்’ ஆனது. இரண்டுக்கும் பெயர்தான் ஒட்டு, நெருங்கிய உறவு கிடையாது.

மரத்துக்குக் கூண்டு, கிளைக்கு ஆறாயிரம் டாலர் என்றால் பணம் கொழுத்தவர்களின் கிறுக்குத்தனம் என்று தோன்றும். அப்படியில்லை. ஆப்பிள் விதையைப் போட்டால் அதே ஆப்பிள் வராது என்பதுதான் காரணம்.

ஆப்பிள் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. சூல்தண்டில் சுரக்கும் ஒரு நொதி, உள்ளே நுழையும் மகரந்தக் குழாய் தன் ரகத்தைச் சேர்ந்ததாக இருந்தால் அதன் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து வளர்ச்சியை நிறுத்திவிடும். தன் மரம் மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டத்தில் நிற்கும் அதே ரகத்து மரமும் அதற்குத் தன் உடம்புதான். ஆகவே ஒவ்வொரு விதையும் ஏதோ ஓர் அயல் ரகத்தின் கலப்பு. ஒரே பழத்தில் இருக்கும் ஐந்தாறு விதைகளை நட்டால் ஐந்தாறு வேறு வேறு மரங்கள் வரும்; பெரும்பாலும் துவர்ப்பும் புளிப்புமாக, வாயில் வைக்க முடியாத சிறு காய்கள். 2010இல் கோல்டன் டெலிஷஸின் மரபணுத் தொகுப்பை வாசித்தபோது சுமார் 57,000 மரபணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். மனிதனுக்கு ஏறக்குறைய 20,000தான். சீட்டுக்கட்டு இவ்வளவு பெரிதாக இருந்தால் ஒவ்வொரு கலைப்பிலும் புதுப்புதுக் கை வரத்தானே செய்யும்.

இந்தக் குணம் அதன் பிறந்தகத்திலிருந்தே வருகிறது. நாம் சாப்பிடும் ஆப்பிளின் முதன்மையான மூதாதை ‘மேலஸ் சிவெர்சி’ என்ற காட்டு மரம். கஜகஸ்தானையும் அதன் அண்டை நாடுகளையும் ஒட்டிய தியான் ஷான் மலைச்சரிவுகளில் அது இன்றும் காடாக வளர்கிறது. 1929இல் அங்கே போன ரஷ்யத் தாவரவியலர் நிக்கொலாய் வாவிலோவ், ஆப்பிள் தோன்றிய இடம் இதுவே என்று சொன்னார். பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன. பட்டுப்பாதை வழியே வணிகர்களோடும் குதிரைகளோடும் மேற்கே போன பழம், வழியில் ஐரோப்பியக் காட்டு ஆப்பிளோடும் கலந்தது. குளிர், வறட்சி, நோய், பூச்சி என்று எது வந்தாலும் கூட்டத்தில் ஒன்றிரண்டாவது தப்பிப் பிழைக்க, குட்டிகள் எல்லாம் வேறு வேறாக இருப்பது காட்டு மரத்துக்கு நல்லது. விவசாயிக்கு அது தலைவலி. நல்ல மரம் ஒன்று கிடைத்தால் அதை அப்படியே பெருக்க அவனுக்கு இருக்கும் ஒரே வழி ஒட்டுக் கட்டுவது.

இமாச்சலத்தில் பிப்ரவரி, மார்ச்சில் இந்த வேலை நடக்கும். பென்சில் கனத்தில் ஒரு குச்சியை நல்ல மரத்திலிருந்து எடுப்பார்கள். அதே கனமுள்ள வேர்ச்செடி ஒன்று தரையில் நிற்கும். இரண்டையும் ஒன்றரை அங்குலம் நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, சீவின முகத்தின் நடுவே ஒரு சின்னப் பிளவு போட்டு, ஒன்றின் நாக்கை மற்றதற்குள் செருகுவார்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பட்டைக்கு அடியில் ஈரமாக, இளம்பச்சையாகத் தெரியும் மெல்லிய படலம் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் சேர வேண்டும். மரத்தில் செல்கள் பிரிந்து பெருகும் அடுக்கு அது. அது பிசகினால் ஒட்டு பிடிக்காது. பிறகு நாடாவால் இறுகச் சுற்றி, வெட்டு காய்ந்துபோகாமல் மூடிவிடுவார்கள். பிடித்த ஒட்டில் சில வாரங்களில் மொட்டு விரியும். கீழே வேர் ஒரு மரத்துடையது, மேலே தண்டும் இலையும் பழமும் இன்னொன்றுடையது.

இப்படிக் குச்சியிலிருந்து குச்சியாகப் போனதால், உலகத்திலுள்ள ரெட் டெலிஷஸ் மரங்கள் எல்லாம் ஹையட் தோட்டத்து ஒற்றைச் செடியின் உடம்பே. 1940 நவம்பரில் ஐயோவாவைத் தாக்கிய பெருங்குளிரில் தாய்மரம் பட்டுப்போனது. அதற்குள் அது பல நாடுகளில் வேரூன்றியிருந்தது.

எல்லாம் ஒரே உடம்பு என்றால் நியூஜெர்சிக் கிளை மட்டும் எப்படி முந்திச் சிவந்தது? மரம் வளர வளரக் கணக்கற்ற முறை செல்கள் பிரிகின்றன. எங்கோ ஒரு மொட்டில், பிரியும்போது மரபணுவில் சிறு பிசகு நேர்கிறது. அந்த மொட்டிலிருந்து வளரும் கிளை மட்டும் மரத்தின் மற்றப் பகுதியிலிருந்து மாறுபடும். ரெட் டெலிஷஸ் இந்த விஷயத்தில் அலாதியான ரகம். இப்படிப்பட்ட கிளை மாற்றங்கள் அதில் அடிக்கடி தோன்றும். ஸ்டார்க்கிங், ரிச்சர்ட், டாப் ரெட், வான்ஸ், 1950களில் ஓரிகனிலிருந்து வந்த ஸ்டார்க்ரிம்சன் என்று பெயர் பெற்றவை ஏராளம்.

சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. அதைத் தயாரிக்கப் பல நொதிகள் வேண்டும். அந்த நொதிகளுக்கான மரபணுக்களை ஒருசேர முடுக்கிவிடும் தலைமை மரபணு ஒன்று உண்டு. எம்.ஒய்.பி. என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து கிடைத்தால் அது வேகமாக வேலை செய்யும். மலைப் பிரதேசத்தில் இந்த இரண்டும் ஒன்றாக வருவது கோடையின் முடிவில். பழத்துக்குள் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதும் புளிப்பு தணிவதும் மணம் கூடுவதும் கிட்டத்தட்ட அதே சமயத்தில். ஆகவே பழைய ஹாக்ஐ சிவந்திருந்தால், பழுத்திருந்தது என்று நம்பலாம். திடீர்மாற்றம் பெற்ற ரகங்களில் இந்த உறவு அறுந்துபோனது. நிறம் தன் பாட்டுக்கு முந்தி வந்துவிடும், உள்ளே மாவுச்சத்து அப்படியே இருக்கும்.

சந்தைக்கு அது தெரியாது. தெரிந்தாலும் கவலைப்படாது. அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகள் கரும் சிவப்பாக, ஒரே அச்சாக, பளபளவென்று இருக்கும் பழத்தைக் கேட்டன. நாற்றுப் பண்ணைகள் இன்னும் சிவந்த கிளை, அதைவிடச் சிவந்த கிளை என்று தேடித்தேடி விற்றன. விவசாயிகள் நிறம் வந்ததுமே பறித்தார்கள். மாதக்கணக்கில் கிடங்கில் வைத்தார்கள். தோல் தடித்துக் கசந்தது, சதை மாவாகிப் போனது. ருசிபார்த்து யாரும் கிளையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் ருசியைக் காப்பாற்றவும் ஆளில்லாமல் போயிற்று.

1980களில் வாஷிங்டன் மாநில ஆப்பிளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ரெட் டெலிஷஸ். 1990களின் கடைசியில் சந்தை சரிந்தது. வாங்கிப் போனவர்கள் பழத்தைத் தின்னாமல் தூக்கிப் போட்டால் அடுத்த வாரம் வாங்க மாட்டார்கள் என்ற சாதாரண விஷயம் அந்த வியாபாரத்துக்கு உறைக்க இருபது ஆண்டு பிடித்தது. 2000இல் ஆப்பிள் விவசாயிகளுக்கு நிவாரணம் தரும் சட்டத்தில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் முதலிடத்தில் இருந்த ரெட் டெலிஷஸை 2018இல் காலா ரகம் கீழே இறக்கும் என்று அமெரிக்க ஆப்பிள் சங்கம் அறிவித்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காலா, நியூசிலாந்தின் கிட் என்பவர் 1930களில் கலந்து உருவாக்கியது. அதன் பெற்றோரில் ஒன்று கோல்டன் டெலிஷஸ். மற்றது கிட்ஸ் ஆரஞ்சு ரெட். இந்தக் கிட்ஸ் ஆரஞ்சு ரெட்டின் பெற்றோரில் ஒன்று ரெட் டெலிஷஸ். பாட்டனைப் பேரன் வீழ்த்தினான். ஜப்பானின் பியூஜிசாகியில் உருவாகி 1962இல் பெயர் சூட்டப்பட்ட பியூஜி ஆப்பிளுக்கும் தாய்தந்தையரில் ஒன்று இதே ரெட் டெலிஷஸ்தான். ரகம் கெட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்தப் பிள்ளை குட்டிகளைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இந்தியக் கிளைக்கதை இதைவிடச் சுவாரசியம். சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ் பிலடெல்பியாவின் வசதியான குவேக்கர் குடும்பத்தில் 1882இல் பிறந்தவர். தகப்பனார் லிஃப்ட் தயாரிக்கும் தொழில் நடத்தினார். மகனுக்கு அதில் நாட்டமில்லை. 1904இல், 21 வயதில், சிம்லாவுக்குக் கீழே சபாத்து என்ற ஊரில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் வேலை செய்யக் கப்பலேறிவிட்டார். அங்கிருந்து மேலே, சட்லஜ் பள்ளத்தாக்கைப் பார்த்த கோட்கர் பகுதிக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1912இல் உள்ளூர்ப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்.

கோட்கர் மக்கள் கோதுமை, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு போட்டு வயிற்றைக் கழுவினார்கள். அதற்கு மேல் ‘பேகார்’ என்ற கட்டாயக் கூலி. வெள்ளைக்கார அதிகாரி மலையேறினால் அவர் மூட்டை முடிச்சை ஊர்க்காரர்கள் சுமக்க வேண்டும். ஸ்டோக்ஸ் இதை எதிர்த்துப் போராடினார். பணம் தரும் பயிர் ஒன்று இருந்தால்தான் இவர்கள் நிமிர முடியும் என்றும் நினைத்தார். ஆப்பிள் அந்த மலைகளுக்குப் புதிதல்ல. 1870லேயே குலு பள்ளத்தாக்கில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் தோட்டம் போட்டிருந்தார். ஆனால் அவை இங்கிலாந்து ரகங்கள். புளிப்புத் தூக்கலாக இருக்கும். புளிப்புக்கு நமக்கு மாங்காயும் புளியும் எலுமிச்சையும் போதாதா? ஸ்டோக்ஸ் அமெரிக்காவில் புதிதாகப் பேர்பெற்றிருந்த இனிப்பு ரகத்தைத் தேடிப் பிடித்தார். 1916இல் கோட்கர் பகுதியின் தானேதாரில் உள்ள தன் நிலத்தில் டெலிஷஸ் கன்றுகளை நட்டார். நாற்று வந்தது அதே ஸ்டார்க் பண்ணையிலிருந்து.

காய்க்க ஆரம்பித்ததும் ஊர்க்காரர்களுக்குக் கன்று கொடுத்தார். ஒட்டுக் கட்டவும் கவாத்து செய்யவும் சொல்லிக் கொடுத்தார். இதற்கிடையே கதர் உடுத்தி காங்கிரசில் சேர்ந்து, 1921இல் ராஜதுரோகக் குற்றச்சாட்டில் லாகூர் சிறைக்கும் போய்வந்தார். 1932இல் ஆரிய சமாஜ முறைப்படி இந்துவாகி சத்யானந்தர் ஆனார். 1946இல் காலமானார், சுதந்திரத்தைப் பார்க்கவில்லை. கோட்கரில் தொடங்கிய டெலிஷஸ் இன்று சிம்லா, கின்னௌர், குலு மாவட்டங்களின் பொருளாதாரமாகவே ஆகிவிட்டது. இந்தியாவின் ஆப்பிளில் பெரும்பகுதி காஷ்மீருடையது. அங்கேயும் டெலிஷஸ் வகைகளே ஆட்சி செய்கின்றன. மணத்துக்குப் பேர்போன காஷ்மீரின் சொந்த ரகமான அம்ப்ரி ஓரங்கட்டப்பட்டுவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அம்ப்ரியையும் ரெட் டெலிஷஸையும் கலந்து ‘லால் அம்ப்ரி’ என்ற ரகத்தை உருவாக்கினார்கள். அது ஓரளவுக்கு ஆறுதல்.

ராயல் வளர என்ன வேண்டும்? முதலில் குளிர். இலையுதிர்ந்த மரம் உறங்கப் போகிறது. 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே சுமார் 1,000 மணி நேரமாவது கழிந்தால்தான் மொட்டுகள் உறக்கம் கலையத் தயாராகும். ஜனவரியில் இரண்டு நாள் வெயிலடித்தால் வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து பூத்துக் கருகாமலிருக்க மரம் வைத்திருக்கும் காவல் இது. இந்தக் குளிர்க் கணக்கு குறைந்தால் பூ ஒன்றுபோல் வராது. சில கிளை பூக்கும், சில கிளை தூங்கும். குளிர்காலம் சுருங்கி வருவதால் தாழ்வான சரிவுகளில் ராயல் நொடித்துப்போய், அங்குள்ளவர்கள் மாதுளைக்கும் காய்கறிக்கும் மாறுகிறார்கள். ஒரு காலத்தில் ஆப்பிளுக்கு ஆகாத அளவு குளிர்ந்த கின்னௌர் மேற்பகுதியிலும் லாஹௌல் பள்ளத்தாக்கிலும் புதுத் தோட்டங்கள் எழுகின்றன. கொடைக்கானலில் ஆப்பிள் இருக்கிறதே என்பீர்கள். அது பார்லின்ஸ் பியூட்டி போன்ற, குறைந்த குளிரே போதுமான ரகம். ராயலுக்குக் கொடைக்கானல் குளிர் பற்றாது.

அடுத்தது மகரந்தம். தோட்டம் முழுக்க ராயலை மட்டும் நட்டால் பூ பூத்து உதிர்ந்து போகும். நடுநடுவே கோல்டன் டெலிஷசோ ரெட் கோல்டோ இருக்க வேண்டும். மஞ்சள் பழத்துக்குச் சந்தையில் விலை குறைவு என்பதால் பலர் அதைக் குறைத்து நட்டார்கள். பிறகு காய்ப்பு விழுந்ததென்று தவித்தார்கள். இன்றைக்கும் அவசரத்துக்கு வேறு ரகத்துப் பூங்கிளைகளை வெட்டி, தண்ணீர் நிரப்பிய பையில் செருகி, ராயல் மரத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் இருக்கிறது. பூக்கும் பருவத்தில் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து வைப்பார்கள். அதிலும் டெலிஷஸ் பூவில் ஒரு கோளாறு. அதன் மகரந்தத் தாள்கள் அடியில் நெருக்கமாக இல்லாமல் விலகி நிற்கும். அனுபவமுள்ள தேனீ, பூவின் மேல் உட்காராமல் இதழில் பக்கவாட்டாக நின்று, அந்த இடைவெளி வழியே நாக்கை விட்டுத் தேனை மட்டும் உறிஞ்சிப் போய்விடும். மகரந்தமும் ஒட்டாது, சூல்முடியும் தொடப்படாது. வேறு ரகத்தில் பத்துத் தேனீ செய்யும் வேலைக்கு இதற்கு இன்னும் அதிகம் வேண்டும்.

ஆலங்கட்டி மழைக்கு வலை, ஸ்கேப் என்ற பூஞ்சை நோய்க்கு மருந்து, உயரமான பழைய மரங்களுக்குப் பதில் இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வுநிலையம் தந்த குட்டை வேர்ச்செடிகளில் அடர்நடவு என்று செலவுப் பட்டியல் நீளம். குட்டை மரம் இரண்டு மூன்று ஆண்டில் காய்க்கும். பழைய முறையில் ஏழெட்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

எப்போது பறிப்பது என்பதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. பழத்தைக் குறுக்கே வெட்டி, முகத்தில் அயோடின் கரைசலைத் தடவுவார்கள். மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். காய் என்றால் முழுமுகமும் கறுக்கும். முதிர முதிர நடுவிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். விதையறையைச் சுற்றி வெள்ளை, ஓரத்தில் மட்டும் கருவளையம் என்றால் பறிக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் சீசன் தொடக்கத்தில் விலை ஏறியிருக்கும்போது இந்தச் சோதனைக்குப் பொறுமை இருப்பதில்லை. நிறம் சீக்கிரம் ஏற எத்தரல் என்ற ரசாயனத்தைத் தெளித்துவிட்டுப் பறிக்கிறவர்களும் உண்டு. நியூஜெர்சிக் கிளையில் தொடங்கிய நோய் அது. வாங்குகிற நாம் சிவப்பைக் கேட்கும்வரை தீராது.

பறித்த பிறகும் ஆப்பிள் சுவாசிக்கிறது. எத்திலீன் வாயுவை வெளியிட்டுத் தன்னைத் தானே பழுக்க வைத்துக்கொள்கிறது. வெப்பத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்து, காற்றில் 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜனை 2 சதவீதம் அளவுக்கு இறக்கினால் சுவாசம் மந்தமாகும். பழம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மார்ச், ஏப்ரலில் கிடைக்கும் இந்திய ஆப்பிள் இப்படிப்பட்ட கிடங்கிலிருந்து வந்தது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. மணம் மட்டும் குறைந்திருக்கும்.

அடுத்து மெழுகு. கத்தியால் சுரண்டி வெள்ளைத் தூளைக் காட்டும் வீடியோ வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆப்பிள் தோலில் இயற்கையாகவே மெழுகுப் படலம் உண்டு. ஈரம் போகாமல் காப்பது அது. கழுவிச் சுத்தம் செய்யும்போது அது தேய்வதால், ஏற்றுமதிப் பழங்களில் கார்னௌபா, ஷெல்லாக் போன்ற உண்ணத்தகுந்த மெழுகை மெல்லியதாகப் பூசுகிறார்கள். அது செரிக்காமல் வெளியேறிவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அளவோடு இதற்கு அனுமதி தருகிறது. ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். மெழுகுக்குப் பயந்து தோலைச் சீவி எறிகிறவர்கள் எறிவதுதான் பழத்தின் நல்ல பாதி.

சரி, உடம்புக்கு என்ன நன்மை? 100 கிராம் ஆப்பிளில் சுமார் 52 கலோரி, 10 கிராம் சர்க்கரை, தோலோடு தின்றால் 2.4 கிராம் நார், கொஞ்சம் பொட்டாசியம். வைட்டமின் சி 5 மில்லிகிராம்கூட இல்லை. நம் கொய்யாவில் அது 200 மில்லிகிராமுக்கு மேல். நாரும் இரண்டு மடங்கு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போவது கௌரவம், கொய்யா வாங்கிப் போவது கஞ்சத்தனம் என்று நாம் வைத்திருக்கும் கணக்குக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை.

ஆனாலும் ஆப்பிளுக்குச் சில உண்மையான பெருமைகள் உண்டு. அதன் நாரில் ஒரு பகுதி பெக்டின். தண்ணீரில் கூழாகி, சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கும். பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறுவதால் கொழுப்பும் சற்றுக் குறையும். பெருங்குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு அது தீனி. லேசான கொழுப்பு மிகுதி உள்ள 40 பேருக்குத் தினம் இரண்டு ஆப்பிள் வீதம் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில் கொலஸ்ட்ரால் சிறிதளவு இறங்கியது. ஆனால் அந்த ஆய்வில் கொடுத்தது ரெனெட்டா கனடா என்ற, பாலிபீனால் மிகுந்த ரகம். எல்லா ஆப்பிளுக்கும் அதை அப்படியே பொருத்தக் கூடாது.

பாலிபீனால் விஷயத்தில் ரெட் டெலிஷஸ் தலைகுனிய வேண்டியதில்லை. அதன் தடித்த, கசந்த தோலே இங்கே கைகொடுக்கிறது. குவர்செட்டின் வகைகள் அனேகமாக முழுக்கத் தோலில் இருக்கின்றன, ஆந்தோசயனினும் அங்கேதான். 2004இல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை அளந்தபோது தோலோடு கூடிய ரெட் டெலிஷஸ் முன்வரிசையில் வந்தது. விளம்பரங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. 2012இல் அதே துறை, சோதனைக்குழாயில் அளந்த எண்ணுக்கும் மனித உடம்புக்குக் கிடைக்கும் பலனுக்கும் நேரடித் தொடர்பு காட்ட முடியவில்லை என்று அந்தப் பட்டியலையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. விளம்பரங்கள் இதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

தினம் ஓர் ஆப்பிள் தின்றால் டாக்டர் வேண்டாம் என்பதையும் 2015இல் சோதித்தார்கள். அமெரிக்காவில் 8,399 பேரின் உணவு விவரத்தை ஆராய்ந்தபோது, தினம் ஆப்பிள் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே படித்தவர்கள், புகைபிடிக்காதவர்கள். அந்த வித்தியாசங்களைக் கழித்துப் பார்த்ததும் டாக்டரிடம் போவதில் வேறுபாடில்லை. சீட்டு எழுதி வாங்கும் மருந்துகள்தான் சற்றுக் குறைவு.

ஆப்பிள் மருத்துவத்துக்குச் செய்த மிகப் பெரிய உதவி பழத்திலிருந்து வரவில்லை, மரப்பட்டையிலிருந்து வந்தது. 1835இல் பெல்ஜிய வேதியியலர்கள் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். புளோரிட்சின் என்று பெயர். கசப்பாக இருக்கிறதே, சிங்கோனா போலக் காய்ச்சலுக்கு உதவுமா என்று பார்த்தார்கள். 1880களில் வான் மேரிங் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதை நாய்களுக்குக் கொடுத்தபோது சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. காரணம் புரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை மறுபடி ரத்தத்துக்கு இழுத்துக்கொள்ளும் புரதத்தை அது அடைத்துவிடுகிறது. இந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு வேதியியலர்கள் உருவாக்கிய மருந்துகள்தான் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் முதலியவை. தமிழ்நாட்டில் எத்தனையோ சர்க்கரை நோயாளிகள் தினமும் விழுங்குவது, இதய, சிறுநீரக நோய்க்கும் இன்று எழுதித் தருவது. பழத்தில் இருக்கும் புளோரிட்சின் மிகச் சொற்பம். அதுவும் குடலிலேயே உடைந்துவிடும். மாத்திரைக்குப் பதில் ஆப்பிள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்கள் ஆப்பிள் சாப்பிடலாமா என்றால், சிறியது ஒன்று, தோலோடு, மென்று சாப்பிடலாம். ஜூஸ் வேண்டாம். 2013இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில் முழு ஆப்பிள் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு அபாயம் சற்றுக் குறைவாகவும், பழச்சாறு குடிப்பவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. விதையில் சயனைடாக மாறக்கூடிய அமிக்டலின் உண்டு என்பது உண்மை. இரண்டு விதையைத் தவறி விழுங்கினால் ஒன்றும் ஆகாது, அரைத்துக் குடிக்காமலிருந்தால் சரி.

வாங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை. இமாச்சல வரத்து ஜூலை கடைசியில் தொடங்கி அக்டோபர்வரை. காஷ்மீர் வரத்து செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை. இந்த மாதங்களில் வாங்கும் ராயல்தான் ராயல். ஒட்டுவில்லையில் 4015 அல்லது 4016 என்றிருந்தால் அது ரெட் டெலிஷஸ். முதலாவது சிறியது, இரண்டாவது பெரியது. கையில் எடுத்தால் கனமாக, அழுத்தினால் குழியாமல் இருக்க வேண்டும். முகர்ந்தால் மணக்க வேண்டும். கோடும் திட்டுமாக இருக்கும் பழத்தை ஒதுக்காதீர்கள், ஹையட்டின் மரத்துக்கு அதுவே கிட்டத்து உறவு. கடைக்காரர் சிவந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். நீங்கள் காம்புப் பள்ளத்தையும் அடிக்குழியையும் பாருங்கள். அங்கே தெரிகிற நிறம் இளமஞ்சளாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பச்சையாக இருந்தால் எவ்வளவு சிவந்திருந்தாலும் வைத்துவிடுங்கள்.